செல்வமலர் கேட்ட ஜெர்மன் சங்கீதம்

செல்வமலருக்கு ஜெர்மன் மொழியின் மேல் தீராத கோபம் இருந்தது. மொழி பாவம், அது என்ன செய்யும்? வூப்பர்டால் நகரத்து அகதி அலுவலகத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களில் "பிட்டெ வார்ட்டன்" என்பார்கள். தயவுசெய்து காத்திருங்கள் என்று பொருள். அதில் தயவு மருந்துக்கும் இருந்ததில்லை. கீழ்வீட்டு ஜெர்மன்காரி கிறிஸ்மஸுக்கு கேக் கொடுத்ததும் அதே மொழியில்தான் என்று யாராவது ஞாபகப்படுத்தினால் செல்வமலருக்குப் பிடிக்காது. கோபத்துக்கு நியாயம் பேசினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

கணவர் இராஜேந்திரன் அங்கே ஒரு சாமான் கிடங்கில் இரவுக் காவல் பார்த்தார். விடியும்வரை டோர்ச் லைட்டும் கையுமாக நடக்கிற வேலை. மகள் துஷ்யாவை இங்கிலிஷில் படிப்பிக்க வேண்டும் என்று, ஜெர்மன் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் லண்டனுக்கு வந்து டூட்டிங்கில் குடியேறினார்கள். இங்கே அவருக்குக் கிடைத்தது பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். "நாடு மாறியும் எனக்கு விடியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறதுதான் தொழில்" என்று சொல்லிச் சிரிப்பார்.

2006ஆம் ஆண்டு ஐப்பசியில், ஷிப்ட் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, கல்லாவில் உட்கார்ந்தபடியே அவருக்கு நெஞ்சு அடைத்தது. வெளிச்சம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து செல்வமலர் முருகனைக் கூப்பிடவில்லை. உட்கார்ந்தால் முருகா, எழும்பினால் முருகா, பால் பொங்கி வழிந்தாலும் முருகா என்றிருந்த வாய் அது. அழவும் இல்லை. சாவுத் தீட்டுள்ள துடக்கு வீடு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை கோயிலுக்குப் போகக்கூடாது, சாமி விளக்கு ஏற்றக்கூடாது. மற்றவர்களுக்கு அது தடை, செல்வமலருக்கு நல்ல சாட்டு. ஒரு விடியலைக் கொடுக்க மனமில்லாத சாமிக்கு என்ன விளக்கு என்று உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தாள். துடக்குக் கழிந்தாலும் அந்த வாசலை மிதிப்பதில்லை என்பதுதான் அவளுடைய முடிவு. துஷ்யா அம்மாவின் வறண்ட கண்களைப் பார்த்துப் பார்த்துப் பயந்தாள். அப்பா போனது போதாதென்று அம்மாவும் இப்படியே கல்லாகிப்போவாளோ என்று அந்தப் பிள்ளைக்குத் தூக்கமில்லை.

துஷ்யா பக்கத்துத் தேவாலயத்தின் பாடகர் குழுவில் இருந்தாள். கிழமைதோறும் ஷிப்டுக்குப் போகும் வழியில் அப்பாதான் காரில் இறக்கிவிடுவார். இந்தமுறை அவர்கள் எடுத்திருந்தது முந்நூறு வருடத்துக்கு முந்திய ஒரு ஜெர்மன் இசை. ஆழத்தில் கிடந்து கடவுளைக் கூப்பிடுகிற ஒரு பைபிள் சங்கீதத்துக்கு அமைத்தது. கச்சேரி நாளோ துடக்குக்குள் வந்து விழுந்தது.

செய்தி கேட்டதும் இராஜேந்திரனின் தமக்கை நகுலேஸ்வரி வந்து நின்றாள். "துடக்கு வீட்டுப் பிள்ளையைப் பாட்டுக் கச்சேரிக்கு அனுப்பப் போறியோ மலர்? சனம் என்ன கதைக்கும்?"

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலுமோ மச்சாள்? கோயிலுக்குத்தானே துடக்கு. சேர்ச்சுக்கு ஆர் துடக்குப் பார்க்கினம்?"

"அம்மா, நான் போகேல்லை" என்றாள் துஷ்யா. "அப்பா இல்லாமல் என்னாலை பாட ஏலாது."

"கொப்பா உன்னைக் கிழமைக்குக் கிழமை கூட்டிக்கொண்டு போனது வீட்டிலை இருக்கவோ? பேசாமல் வெளிக்கிடு. நானும் வாறன்."

நகுலேஸ்வரியும் போனாள். என்ன அநியாயம் நடக்கிறதென்று பார்க்க ஒரு ஆள் வேண்டாமா?

கறுப்பு உடுப்பில் நாலு வரிசையாக நின்றார்கள் பாடகர்கள். துஷ்யா இரண்டாவது வரிசையில். ஆண்களின் அடிக்குரல் மெல்ல எழும்பியது. ஜெர்மன் காதில் விழுந்ததும் செல்வமலர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் தெரிந்த மொழியைத் தெரியாததாக்க யாராலும் முடியாதே. என் குரலைக் கேளும் என்றார்கள். பெண்கள் அதையே வாங்கி இன்னும் மேலே கொண்டுபோனார்கள். கேளும், கேளும் என்று ஒரு குரல் ஓயுமுன் அடுத்தது எழும்பியது. செல்வமலர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதட்டத்தான் தெரியும் என்று நினைத்திருந்த மொழி கெஞ்சிக்கொண்டிருந்தது.

பிறகு அந்த அகதி அலுவலகத்து வார்த்தை வந்தது. வார்ட்டெட். காத்திருக்கிறது. என் ஆன்மா காத்திருக்கிறது. ஒரு விடியற்காவலிலிருந்து மறு விடியற்காவல்வரை காத்திருக்கிறது.

காத்திருப்பது கையில் கடதாசியோடு நடையில் குந்தியிருக்கும் தங்களைப் போன்ற சனத்தின் தலைவிதி என்றல்லவா செல்வமலர் நினைத்திருந்தாள்! இங்கே வெள்ளைக்காரர்கள், படித்தவர்கள், வழுக்கைத் தலைக் கிழவர்கள், எல்லோரும் கண்ணை உயர்த்திக் காத்திருக்கிறோம், காத்திருக்கிறோம் என்று பாடினார்கள். இராஜேந்திரன் சிரித்துக்கொண்டு சொன்ன தொழிலை, எப்போதோ செத்துப்போன யாரோ ஒருவர் எடுத்துக் கடவுளுக்கு முன்னால் வைத்திருந்தார். டோர்ச் லைட்டோடு நடந்த இரவுகளும் கல்லாவில் விழித்திருந்த இரவுகளும் வீணான இரவுகள் இல்லையாம். அதுவும் ஒரு பிரார்த்தனையாம். இதை யாரும் அவரிடம் சொல்லவில்லையே என்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது.

குரல்கள் எல்லாம் சேர்ந்தன. ஓர்கன் வாத்தியமும் சேர்ந்தது. உட்கார்ந்திருந்த வாங்குப் பலகை அதிர்ந்தது. மேலே, மேலே என்று ஏறி, இதற்குமேல் மனிதரால் முடியாது என்கிற இடத்தில் எல்லாம் சட்டென்று நின்றது. நடத்துனரின் கை அந்தரத்தில் இருந்தது. லண்டன் சபை மரியாதை தெரிந்த சபை. அந்தக் கை இறங்கும்வரை ஒருவரும் மூச்சுவிடவில்லை.

"அரோகரா!"

செல்வமலர் எழும்பி நின்றாள். இரண்டு கையும் தலைக்குமேல் கூம்பியிருந்தன. நடைதிறந்து தீபம் காட்டும்போது கூப்பிடுகிற அதே குரல், தேவாலயத்தின் முகட்டில் பட்டுத் திரும்பி வந்தது. ஊசிமீசை வைத்த ஒருவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஐயோ மலர், இது கோயில் இல்லையடி! இரு!" நகுலேஸ்வரி சேலையைப் பிடித்து இழுத்தாள்.

செல்வமலருக்கு எதுவும் கேட்கவில்லை. "முருகா" என்றாள். "என்ரை முருகா, அவரை ஏனடா கொண்டுபோனாய்?" என்றாள். அவ்வளவு நாளும் வராத கண்ணீர் கழுத்துவரை வழிந்தது. அங்கே இரண்டாவது வரிசையில் துஷ்யா பாட்டுத்தாளைக் கீழே போட்டுவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு, அம்மா அழுகிறாள் என்ற சந்தோஷத்தில் தானும் அழுதாள்.

சேலையை இழுத்த கை நின்றது. செத்தது தன் தம்பி அல்லவா? நகுலேஸ்வரி மெல்ல எழும்பி மச்சாளின் தோளை அணைத்துக்கொண்டாள்.

"கூப்பிடு மலர்" என்றாள். "நல்லாக் கூப்பிடு."