பேட்டரி வரிசையில் அத்தையின் போன்

அந்த வருடப் புயலில் அண்ணனூரில் எங்கள் தெருவுக்கு நான்கு நாள் கரண்ட் வரவில்லை. டிரான்ஸ்பார்மர் மேல் மரம் விழுந்திருந்தது. பெரியவர்கள் புலம்பித் தீர்த்தார்கள். எட்டு வயதான எனக்குப் பள்ளி லீவு என்பதால் ஒரு குறையும் தெரியவில்லை.

சித்தப்பா லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் நின்ற தெருவில் வண்டி எடுக்க வழியில்லை. அதன் பேட்டரியைக் கழற்றி வந்து படிக்கட்டு அடியில் வைத்து, கார் சார்ஜர் ஒன்றை இணைத்தார். அதில் மின்சார ரயிலில் விற்பார்களே, ஒரே வயரில் நாலு தலை பிரியும் ரகம், அதைச் செருகினார். போன், ரேடியோ, டார்ச் என்று அரைத் தெரு எங்கள் வாசலில் வந்து நின்றது.

"யாரா இருந்தாலும் அர மணி நேரம்தான். மாட்டிக்கினு ஊட்ல போய் தூங்கினா நா பொறுப்பில்ல" என்றார் சித்தப்பா.

வரிசையைக் கவனிக்கும் உத்தியோகம் எனக்கு. எது யாருடையது என்று குழம்பாமலிருக்க ஒவ்வொன்றிலும் என் நோட்டு லேபிளை ஒட்டினேன். பெயர்: பால்காரர். வகுப்பு என்ற இடத்தைக் காலியாக விட மனம் வராமல் எல்லோரையும் என்னோடு மூன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டேன்.

அப்பாவின் தங்கையான அத்தை ஒரு மாதமாக எங்களோடு இருந்தாள். லீவுக்கு வந்திருப்பதாக அம்மா சொல்லியிருந்தாள். புயலுக்கு முன்பு போன் அடித்தால் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவாள். திரும்பி வந்து யாருடனும் பேசாமல் படுத்துக்கொள்வாள். கரண்ட் போன அன்றே அவள் போன் அணைந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆளே மாறிவிட்டாள். எனக்கு நாலுகால் பின்னல் போட்டாள். ராஜா ராணி விளையாட்டில் சீட்டை மாற்றி மாட்டிக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். அவளுக்கு மழை பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அவள் முறை வரும்போதெல்லாம், "என்னுது கெடக்கட்டும்டி, பாவம், அவங்களுக்குப் போடு" என்பாள். மூன்று நாளும் இப்படியே விட்டுக்கொடுத்தாள். இவ்வளவு நல்லவளை ஊரே ஏய்க்கிறதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

நான்காம் நாள், "பேட்டரி எறங்கிடுச்சு. இன்னும் ஒரு போன் தாங்கும், அவ்ளோதான்" என்றார் சித்தப்பா. நான் யாரையும் கேட்கவில்லை. புடவைகளுக்கு அடியிலிருந்து அத்தையின் போனை எடுத்துவந்து மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஆன் செய்ததும் மெசேஜ்கள் வரிசையாக வந்து விழுந்தன. பிறகு மணி அடித்தது.

அத்தை பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும் ஏந்தி, பெருமையாக நீட்டினேன். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. ஆனால் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்குத் தாங்கவில்லை.

"என் மேல எவ்ளோ அக்கற என் தங்கத்துக்கு" என்று என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனை வாங்கினாள். படிக்கட்டில் நின்று 'ம்', 'சரி', 'வரேன்' என்பதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

"இன்னாத்துக்குக்கா போற? இங்கயே இரு" என்றார் சித்தப்பா. அத்தை பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அத்தை வீட்டு மாமா பைக்கில் வந்தார். அம்மா கொடுத்த காபியைத் தொடவில்லை, வண்டியை விட்டு இறங்கவும் இல்லை. ஏறுவதற்கு முன் அத்தை குனிந்து என் காதில், "அடுத்த புயலுக்கு வரேன்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னதால் நானும் சிரித்தேன்.

அதன் பிறகு எப்போது கரண்ட் போனாலும் அத்தை வருகிறாளா என்று வாசலுக்கு ஓடிப் பார்ப்பேன். சும்மா ஒரு நாள் அவள் ஏன் வரக்கூடாது என்று யாரையும் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.