ஒரே முகம், இரண்டு வேண்டுதல்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆனி மாதத்தில், எங்கள் வீட்டில் பேச்சு நின்றுபோனது. யாரும் யாரோடும் கோபித்துக்கொள்ளவில்லை. என் அம்மாவுக்குக் குரல் போய்விட்டது.

என் பெயர் முத்துச்செல்வி. ஊர் திருத்தங்கல். விருதுநகரில் பி.காம். முடித்துவிட்டு ஓர் அச்சகத்தில் காலண்டருக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். காலையிலும் சாயங்காலமும் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குப் படிப்பு. பெரிய பெரிய மேனேஜ்மென்ட் காலேஜுகளில் சேர நாடு முழுக்க எழுதுகிற பரீட்சை அது. எங்கள் தெருவில் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. அம்மாவிடம் நான் ஒருநாள் சொன்னேன். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி, மறுநாளே கம்பெனி வேன் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அம்மா பெயர் பாண்டியம்மாள். பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகும் வேலை. அவளுக்கு வாய் ஓயாது. நானோ கனவுக்காரி. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு எங்கேயோ போய்விடுவேன். அடுப்படியிலிருந்தே அவளுக்கு அது தெரிந்துவிடும்.

"ஏ புள்ள செல்வி, பாடம் என்ன மேக்கூரையிலயா எழுதியிருக்கு? குனிஞ்சு படிடி!"

அந்தச் சத்தம்தான் என்னைத் தரைக்கு இறக்கும். அவள் ஏசிக்கொண்டே இருந்தால்தான் எனக்குப் படிப்பு ஓடும். அப்பா பட்டாசு லோடு லாரியில் வெளியூர் போகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், "பிள்ளை ஒரு பரீட்சை எழுதுறா, ஒரு வருஷம் பொறுங்க" என்று சொல்லி நிறுத்தி வைத்திருந்தார். அந்த ஒரு வருஷம்தான் எனக்குக் கிடைத்த தவணை. கார்த்திகையில் பரீட்சை. தவறினால் கல்யாணம்.

ஆனியில் கம்பெனியில் வெடி விபத்து நடந்தது. அம்மா இருந்த ரூமுக்கு அடுத்த ரூம். அம்மாவுக்கு உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அவளோடு தினமும் ஒரே வேனில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போய்வந்த ராஜாத்தி அத்தை திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அம்மா நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அழவில்லை. வாய் திறந்திருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. அன்றைக்கு நின்றதுதான்.

மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். "தொண்டையில ஒண்ணும் கோளாறு இல்ல. பயத்துல அடைச்சிருக்கு. வரும்போது தானா வரும்" என்றார். எப்போது வரும் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

வீடு தண்ணீருக்குள் மூழ்கிய மாதிரி ஆகிவிட்டது. பாத்திரம் வைக்கிற சத்தம்கூட அம்மாவிடமிருந்து வராது. இங்கிலீஷ் பாசேஜை எடுத்தால் கண் வாசித்துக்கொண்டே போகும், மனசு மேகத்தில் போகும். கடைசி வரிக்கு வந்தபின் முதல் வரியில் என்ன இருந்தது என்று தெரியாது. மாதிரித் தேர்வில் மார்க் இறங்கிக்கொண்டே போனது. கூப்பிட்டு இறக்குவதற்கு ஆள் இல்லை. அம்மா குரலையும் பறிகொடுத்து, என் பரீட்சையும் கைநழுவிப்போகிறதே என்று தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். என் அழுகையிலும் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுக் காளியக்காதான், "ஆடிக் கடைசி வெள்ளிக்கு மாரியாத்தா கோயிலுக்கு நடப்போம், மதினியையும் கூட்டிக்கிட்டு வா" என்றாள். ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் ஆத்தா. வியாழக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் மஞ்சள் சேலையில் கிளம்பினோம். ரோடு முழுக்க மஞ்சள். நடக்க நடக்கக் கால் தன் பாட்டுக்குப் போனது, கண் செருகியது. தூக்கத்திலேயே நடந்தேனா, நடந்துகொண்டே கனவு கண்டேனா, எனக்கே தெரியவில்லை. வேப்பிலை வாசம் மட்டும் கூடவே வந்தது. விடியும்போது ஆற்று மணலில் நின்றோம். தண்ணீர் இல்லை. வெள்ளை மணல்தான் ஆறு மாதிரி வளைந்து கிடந்தது.

கோயிலுக்கு முன்னால் ஒரு பெரியவர் தகட்டுக் கடை போட்டிருந்தார். உங்களுக்குத் தெரிந்திருக்கும். கண்ணில் நோவு என்றால் கண் அடித்த தகடு, காலில் நோவு என்றால் கால், பிள்ளை வேண்டுமென்றால் தொட்டில். வாங்கி ஆத்தா காலடியில் வைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஓர் ஆளுக்கு ஒரு தகடு, ஒரு வேண்டுதல். இரண்டு கேட்டால் ஒன்றும் நடக்காது என்பார்கள். நான் பரீட்சைக்கு வேண்டிக்கொள்ளத்தான் கிளம்பி வந்தேன். ஆனால் அந்தக் கடை முன்னால் குனிந்தபோது என் வாயில் வந்தது வேறு.

"தாத்தா, வாய் இருக்கா?"

"வாய்க்குத் தனியா அடிக்கிறதில்ல தாயி. முழு முகம் இருக்கு. வாயும் அதுலதான இருக்கு?"

நான் முகத்தை எடுத்தேன். திரும்பிப் பார்த்தால், அம்மா தன் நெற்றியைத் தட்டிக் காட்டி, உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டி, என்னையும் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். என் படிப்பு. என் பரீட்சை. பெரியவர் அவளுக்கும் அதே முகத்தை எடுத்துக் கொடுத்தார்.

"படிப்புக்கும் இதான் ஆத்தா. மூளை இதுக்குள்ளதான இருக்கு. ஆமா, ரெண்டு பேரும் என்ன மாத்தி மாத்தி வாங்குறீக?" என்று சிரித்தார்.

எனக்குக் கோபம் பொங்கியது. "உனக்குக் கேளும்மா! என் பரீட்சையா இப்போ முக்கியம்?" என்று அத்தனை கூட்டத்தில் கத்தினேன். அவள் தகட்டை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்துவிட்டாள். பிடிவாதத்தில் அவளை யாரும் ஜெயித்ததில்லை.

சன்னதியில் நின்று, "ஆத்தா, எனக்குப் பரீட்சை வேண்டாம், எங்க அம்மாவைப் பேச வை" என்றேன். பொய் சொல்லவில்லை. ஆனால் முழு மனசாகவும் சொல்லவில்லை. அது ஆத்தாவுக்குத் தெரியாதா? இரண்டு தகடும் ஒரே மாதிரி, ஒரே தட்டில் போனது. எது எதற்கு என்று ஆத்தாதான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

அதன்பின் உடனே ஒன்றும் நடக்கவில்லை. புரட்டாசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் கண் அசந்தேன். கனவில் அந்த மணல் ஆறு கரை தொட்டு ஓடுகிறது. அக்கரையில் அம்மா. இக்கரையில் நான், கையில் ஒரு இங்கிலீஷ் பாசேஜ். அவளுக்குக் கேட்கட்டும் என்று அதைத் தமிழில் சொல்லிச் சத்தமாக வாசிக்கிறேன். தண்ணீர் மெல்ல மெல்ல வற்றுகிறது. கண் விழித்தபோது ஜன்னல் வெளிச்சத்தில் தூசி மிதந்துகொண்டிருந்தது. அந்தக் கனவை நான் ஆத்தா வாக்காகவே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியலிலிருந்து அம்மாவை எதிரில் உட்கார வைத்து, ஒவ்வொரு பாசேஜையும் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். புரிந்தால் தலையாட்டுவாள். புரியாவிட்டால் கையை ஒரு சுற்றுச் சுற்றுவாள், திரும்பச் சொல் என்று. அவள் கை சுற்றும்போதுதான் எனக்கே தெரியும், அந்த இடம் எனக்கும் புரியவில்லை என்று. ஒருநாள், தூங்கும்போது நிறம் மாறுகிற ஒரு கடல் பிராணியைப் பற்றி வந்தது. அது கனவு காண்கிறதோ என்னவோ என்று ஆராய்ச்சிக்காரர்கள் சந்தேகப்படுகிறார்கள் என்றேன். அம்மா என்னை நோக்கி விரலை நீட்டி, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சத்தமே இல்லாத சிரிப்பு. ஆனிக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

மார்க் ஏறத் தொடங்கியது. குரல் மட்டும் வரவில்லை.

கார்த்திகையில் மதுரையில் பரீட்சை. அன்று ஒரே மழை. தீபாவளி முடிந்து கம்பெனிகள் பூட்டிக்கிடந்தன. பஸ் கண்ணாடியில் விருதுநகர் கரைந்து வழிந்தது. அம்மா என் கையை விடவே இல்லை. சென்டர் வாசலில் என் நெற்றியில் திருநீறு பூசி, என் போனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, எதிரே டீக்கடையில் இருப்பதாகக் கை காட்டினாள்.

உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் மேகம் வந்தது. கண்ணை மூடி "ஆத்தா" என்றேன். திறந்து, எதிரில் அம்மா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக அவளுக்குச் சொன்னேன். அவள் தலையாட்டியதற்கெல்லாம் விடை போட்டேன். கையைச் சுற்றியதைத் திரும்பப் படித்தேன். அப்போதும் சுற்றினால் விட்டுவிட்டேன், தப்பான விடைக்கு மார்க் குறைப்பார்கள். நேரம் போனதே தெரியவில்லை.

வெளியே வந்தால் மழை வலுத்திருந்தது. ரோட்டை அடைத்துக் கூட்டம், குடைகள். டீக்கடையில் அம்மா இல்லை. போனோ அவளிடம். யாரிடமாவது போன் வாங்கிக் கூப்பிட்டாலும் அவளால் பேச முடியாது. "அம்மா!" என்று கத்தினேன். அங்கே நின்ற அத்தனை அம்மாக்களும் திரும்பிப் பார்த்தார்கள். என் அம்மா அதில் இல்லை. கூட்டத்தைக் கண்டு மிரண்டு எங்காவது போய்விட்டாளா? ரோட்டில் விழுந்துவிட்டாளா? "ஆத்தா, எனக்கு எதுவும் வேண்டாம், அவளைக் காட்டு" என்று நடுரோட்டில் நின்று அழுதேன். இந்த முறை முழு மனசாகவே சொன்னேன்.

"ஏ புள்ள செல்வி!"

துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறக்கிற மாதிரி ஒரு குரல்.

"எம்புட்டு நேரமாக் கைய ஆட்டிக்கிட்டு நிக்கேன்! கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? இங்கன வாடி, பஸ்ஸு வருது பாரு!"

ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு கடை வாசலில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அம்மா நின்றாள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோதுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் பேசுனனா?"

"ஏசுனம்மா."

அங்கேயே உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம். "ராஜாத்தி... ராஜாத்தி..." என்று அத்தை பெயரை அன்றுதான் சொல்லி, ஆனியில் அழாத அழுகையை எல்லாம் அழுது தீர்த்தாள். பிறகு பஸ் ஏறி விருதுநகர் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். கண்டக்டர், "அக்கா, நடுவுல கொஞ்சம் மூச்சும் விட்டுக்கிடுங்க" என்றார்.

பரீட்சையைக் கொடுத்து அம்மா குரலை வாங்கிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் ஆத்தாவிடம் பண்டமாற்று கிடையாது போலிருக்கிறது. ரிசல்ட் வந்தபோது, மிகப் பெரிய காலேஜுகள் கிடைக்காவிட்டாலும், வெளி மாநிலத்தில் ஒரு நல்ல காலேஜிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. அதிலும் தேறிச் சேர்ந்துவிட்டேன். அப்பா பெண் கேட்டவர்களிடம் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார். அம்மா இப்போது பட்டாசுக்குப் போவதில்லை. என் பழைய அச்சகத்தில் காலண்டர் அட்டை ஒட்டுகிறாள். அங்கே வெடிமருந்து கிடையாது. பேச ஆள் நிறைய.

ராஜாத்தி அத்தையை ஆத்தா ஏன் விட்டாள் என்று அவளிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அத்தையின் பிள்ளைகளுக்காக வெள்ளிக்கிழமைதோறும் ஹாஸ்டலில் விளக்கேற்றுகிறேன். கேள்வியோடும் அவள் முன்னால் போய் நிற்கலாம், விரட்ட மாட்டாள்.

நீங்களும் போய் நில்லுங்கள். மனசு முழுசாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அரை மனசோடு போங்கள். மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா போன் போட்டுவிட்டாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். நீ பேசினதை எழுதுகிறேன் என்றேன். "கூறுகெட்டவளே, ஆத்தா செஞ்சத எழுதுவியா, என்னையப் போயி எழுதிக்கிட்டு இருக்க?" என்று ஆரம்பித்தாள். இன்னும் நிறுத்தவில்லை. நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.