முதலில் இரும்பு ஏறட்டும்

லிஃப்ட் மெக்கானிக்குகள் தங்கள் மேற்பார்வையாளருக்கு வைத்திருந்த பெயர் 'ஒண்ணுமாகாது'. கையுறை கிழிந்துவிட்டது என்றாலும், ஏணி ஆடுகிறது என்றாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். லிஃப்ட் விஷயத்தில் மட்டும் வராது. சான்றிதழில் கையெழுத்து அவருடையது அல்லவா? கயிறு மாற்றினால் இரும்பு எடைக்கட்டிகளை ஏற்றி, மேலும் கீழும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் மனிதரை ஏற்றவேண்டும் என்பதில் கறாராக நிற்பார்.

அந்த நிறுவனத்தின் ஒரே பெண் மெக்கானிக்கை எல்லாரும் அக்கா என்பார்கள். கணவர் கப்பலில் வேலை. வீட்டில் அவளும் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளும்தான். மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய். மேற்கையில் ஒட்டிய சென்சார் ரத்தச் சர்க்கரையை ஓயாமல் அளந்து அம்மாவின் போனுக்கு அனுப்பும். பள்ளியில் மகளின் போன் ஒலி அணைத்து வகுப்பு அலமாரியில் கிடக்கும். எனவே காவல் அம்மாவின் போன்தான். அளவு இறங்கினால் அது அலறும். உடனே பள்ளிக்கு ஒரு போன். பிள்ளையின் வாயில் இனிப்பு. லிஃப்ட் குழிக்குள் அந்த அலறல் கேட்டால், கூட வேலை செய்பவர்களே, "அக்கா, பாப்பா கூப்பிடுறா" என்று குரல் கொடுப்பார்கள்.

ஒரு காலைக் கூட்டத்தில் ஒண்ணுமாகாது அறிவித்தார்: "போனுக்குப் புது சிஸ்டம் வரப்போகுது. நம்ம வேலை ஆப் அதுல ஓடுதான்னு இப்பவே பாக்கணும். எல்லாரும் அவங்கவங்க போன்ல பீட்டாவைப் போட்டுக்குங்க."

"பீட்டான்னா என்ன சார்?"

"ஊருக்கெல்லாம் வர்றதுக்கு முன்னாடி உங்களுக்கு வருது. அதிர்ஷ்டம்னு வெச்சுக்குங்க."

"அரைவேக்காடுன்னு சொல்லுங்க," என்றான் அக்காவின் கூட்டாளி. தடித்த உடம்பு, தடித்த நாக்கு. எல்லாரும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. "சார், பொண்ணோட சுகர் அலாரம் என் போன்லதான் இருக்கு. அது ஓடுமா?"

"ஒண்ணும் ஆகாதும்மா. போடாதவங்களுக்கு நாளைலேர்ந்து ஆப்ல வேலை வராது, அதை மட்டும் சொல்லிட்டேன்."

வேலை வராவிட்டால் சென்சார் வாங்க முடியாது. அக்கா 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அழுத்தினாள். அந்தப் பொத்தானுக்கு மேலேயே, தயாரித்தவர்களே எறும்பு எழுத்தில் எழுதியிருந்தார்கள்: இது முடிவடையாத பதிப்பு, அன்றாடம் நம்பியிருக்கும் கருவியில் நிறுவவேண்டாம், உபரிக் கருவியில் சோதியுங்கள். உபரிக் கருவி வாங்கக் காசு வேண்டும். ஊழியர்களின் சட்டைப் பையிலோ போன்கள் ஓசியில் கிடந்தன.

முதலில் போன் சூடானது, சார்ஜ் சீக்கிரம் இறங்கியது, அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் எட்டு மாடிக் கட்டடத்தில் புதுக் கயிறு கட்டிவிட்டு, அக்காவும் கூட்டாளியும் எடைக்கட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போனைப் பார்த்தாள்: நூற்றுப்பதினெட்டு. நல்ல அளவு. பாதி ஏற்றிவிட்டுப் பார்த்தாள்: நூற்றுப்பதினெட்டு. முழுக்க ஏற்றியபின் பார்த்தாள். அதே எண்.

உயிருள்ள உடம்பில் சர்க்கரை அப்படி அசையாமல் நிற்காது. புதுச் சிஸ்டம் பின்னணியில் ஓடிய சர்க்கரைச் செயலியைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டு, கடைசி எண்ணை மட்டும் திரையில் தொங்கவிட்டிருந்தது. அக்கா பள்ளிக்குப் போன் அடித்தாள். ஓவிய வகுப்பின் மூலையில் மகள் மேசைமேல் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று மற்ற பிள்ளைகள் எழுப்பாமல் விட்டிருந்தார்கள். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. பெயரைக் கேட்டால் நாக்கு குழறியது. ஆசிரியை மிடறு மிடறாகப் பழச்சாறு புகட்டினாள். "இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்கு வந்த நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நேரம் சரியில்ல அண்ணி. ஏதோ கடவுள்தான் காப்பாத்துனாரு."

"நம்பரைப் பாத்தது நான். ஜூஸ் குடுத்தது டீச்சர். அவர் காப்பாத்துனாருன்னா அலாரத்தை அணைச்சது யாரு? அவரேதானா?"

கெட்ட நேரத்தின்மேல் பழிபோடுவது எத்தனை பேருக்கு வசதி! நேரத்துக்கு முகவரி கிடையாது, போய்க் கதவைத் தட்டமுடியாது. இந்தக் குற்றத்துக்கு முகவரி இருந்தது: மூன்றாம் மாடி, குளிரூட்டிய கண்ணாடி அறை.

போன் கடைக்காரர், "பழசுக்குத் திரும்பணும்னா எல்லாத்தையும் அழிக்கணும்மா. பீட்டாவுல எடுத்த காப்பி பழசுல ஏறாது. போட்டோவெல்லாம் போயிடும்," என்றார்.

"அழிங்க."

மகள் வீடு திரும்பிய மறுநாள் அக்கா அந்தக் கண்ணாடி அறைக்குப் போனாள். ஒண்ணுமாகாது நாற்காலியைக் காட்டினார். "உக்காரும்மா. பாப்பா விஷயம் கேட்டு மனசு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. ஆனா பாரு, 'ஒப்புக்கொள்கிறேன்'னு அழுத்துனது நீதானே?"

"நீங்க அழுத்துனீங்களா சார்?"

"எது?"

"உங்க போன்ல பீட்டா போட்டீங்களா?"

அவர் மேசைமேல் இருந்த போனைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "எனக்கு முக்கியமான கால் எல்லாம் வரும்மா."

அக்கா எழுந்து போனாள். போனவள் கூட்டாளியுடன் திரும்பினாள். இருவர் கையிலும் ஆளுக்கொரு இருபது கிலோ எடைக்கட்டி. மேசைமேல் 'தடால்' என்று வைத்தார்கள். மேசைக் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டது.

"நம்ம தொழில்ல முதல்ல இதைத்தான் ஏத்துவோம். என் பொண்ணை ஏத்திப் பாத்துட்டீங்க. அடுத்து யாரு வீட்டுப் பிள்ளை?"

"மிரட்டுறியா?"

"இல்ல சார்," என்றான் கூட்டாளி. "ஒண்ணும் ஆகாது."

மாலையே அக்காவுக்கு ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் வந்தது. மறுநாள் காலைக் கூட்டத்தில் அதை எல்லார் முன்னும் படித்துக் காட்டினாள். படித்து முடித்ததும் மெக்கானிக்குகள் ஒவ்வொருவராகப் போன் கடைக்குக் கிளம்பினார்கள். அவரவர் போட்டோக்களையும் சேர்த்து அழித்துவிட்டு, பழைய பதிப்போடு திரும்பினார்கள். யாருக்கும் ஆப்பில் வேலை வரவில்லை. நகரத்தின் பாதி லிஃப்டுகளுக்கு ஆள் போகவில்லை. மனசாட்சி அசைக்காத நிறுவனத்தை நின்றுபோன லிஃப்டுகள் அசைத்தன. வார முடிவுக்குள் பீட்டா சோதனைக்கென்று இரண்டு உபரிப் போன்கள் வாங்கப்பட்டன. பழைய பதிப்புக்கே வேலை வரத் தொடங்கியது. கடிதமும் திரும்பப் பெறப்பட்டது. மன்னிப்பு மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஒண்ணுமாகாது ஒருமுறை அக்காவை வராந்தாவில் நிறுத்தி, "அந்தக் கட்டிங்களை எடுத்துட்டுப் போயிடேம்மா, மேசைல எழுத இடமில்ல," என்றார்.

"சோதனை முடியட்டும் சார்," என்று சொல்லிவிட்டு அவள் குழிக்குள் இறங்கினாள்.