தோளில் மடித்து வைத்த துண்டு

போலீஸ் பயிற்சிக்கு வந்த பெண்களில் மாரிச்செல்விதான் மூத்தவள். கணவனை இழந்தவர்களுக்கான வயதுத் தளர்வில் தேர்வானவள். ஓட்டத்தில் சின்னப் பெண்களுக்கு அவள் சளைக்கவில்லை. துப்பாக்கிதான் அவளை மடக்கிப் போட்டது.

சுடும்போது ரைபிள் பின்னால் உதைக்கும். அதற்குப் பயந்து அடிக்கட்டையைத் தோளிலிருந்து கொஞ்சம் விலக்கியே பிடித்தாள். இடைவெளி கிடைத்ததும் அது ஓங்கிக் குத்தியது. தோள் கன்றிப்போய், தலைவாரக்கூடக் கை எழவில்லை. குண்டுகள் இலக்குப் பலகைக்கு மேலே பறந்து மண்மேட்டில் புதைந்தன. இன்றைய தேர்விலும் தவறினால் அடுத்த அணியோடு மறுபடி தொடங்க வேண்டும். மாரியூரில் மாமியாரிடம் விட்டு வந்த மகள் இன்னும் எத்தனை மாதம் காத்திருப்பாள்?

அதனால் காலையில் பெட்டியிலிருந்து கணவன் மூக்கையாவின் துண்டை எடுத்தாள். உப்பளத்தில் மூட்டை தூக்கியவன் அவன். நாலாக மடித்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டால் எந்தப் பாரமும் தெரியாது என்பான். போன வருஷம் அவன் இறந்ததிலிருந்து, அவன் வாசனை போய்விடுமென்று அவள் அதைத் துவைக்கவில்லை. அவன் மடிப்பதைப் போலவே மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

குப்புறப் படுத்துச் சுட்ட முதல் குண்டிலேயே கட்டை துண்டின் மேல் வழுக்கிக் காறையெலும்பில் இடித்தது. இரண்டாவதில் தாடையையும் சேர்த்துப் பதம் பார்த்தது. உதவிக்குப் பக்கத்தில் படுத்திருந்த உச்சிப்புளி ஊர்ப் பெண் பூங்கோதை, சட்டைப் புடைப்பைப் பார்த்துவிட்டாள்.

"யக்கா, உள்ள என்னத்த வச்சிருக்க? கட்டை நிக்கவே மாட்டேங்குது."

மாரிச்செல்வி துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கையை உயர்த்தினாள். பயிற்சி ஏட்டு வந்தார். துண்டை உருவியதும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"ஏம்மா, இங்கன என்ன மூட்டையா இறக்குறோம்?"

வீட்டுக்காரர் துண்டு என்று மெல்லச் சொன்னாள். அவர் சிரிப்பு நின்றது. தரையில் கிடந்த சரளையைக் காலால் ஒதுக்கினார்.

"முழங்கைக்கு அடியில போட்டுக்க. தோளுக்கு வேண்டாம்."

மூட்டையின் பாரம் மேலிருந்து அழுத்தி அங்கேயே தங்கும். இந்த உதை தங்குவதில்லை, வந்த வேகத்தில் போய்விடுகிறது. அதற்கு உடம்பையே கொடுத்துவிட வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. துண்டை முழங்கைக்கு அடியில் போட்டுக்கொண்டு, கன்றிய இடம் வலிக்க வலிக்கக் கட்டையைத் தோள்குழியில் இறுக்கினாள். கன்னத்தை மரத்தில் அழுத்தி, பாதி மூச்சை விட்டு, விசையைப் பதறாமல் அழுத்தினாள். உதை வந்தது. தோளோடு சேர்ந்து அவள் முழு உடம்பும் கொஞ்சம் பின்னால் போய்த் திரும்பியது. கண் மட்டும் இலக்கை விடவில்லை.

மிச்சக் குண்டுகள் எல்லாம் பலகையில் பட்டிருந்தன. நடுவட்டத்தில் ஒன்றுகூட இல்லை; தேர்ச்சிக்கு அது போதும்.

"பாஸாயிட்டல்ல, டீ நீதான் வாங்கித் தரணும்" என்றாள் பூங்கோதை.

துண்டில் இப்போது புழுதியும் வெடிமருந்து வாசனையும்தான் இருந்தன. சாயங்காலம் அதைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, மகளுக்குப் போன் செய்யப் போனாள்.