மீசை எடுத்த கதாநாயகி

எங்கள் சபாவில் காசு வாங்கி நடித்தவர் ஒருவர்கூடக் கிடையாது. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஹார்மோனியம் வாசித்தவர் பகலெல்லாம் ஜங்ஷன் கூட்ஸ் ஆபீசில் மூட்டைகளுக்கு ரசீது போடுகிறவர். திரை எழுதியவர் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர். அவருக்கு அரண்மனை வரையத் தெரியாது, அதனால்தான் இவர்கள் கதை வீட்டுக் கூடத்தை விட்டு வெளியே வருவதில்லை என்று ஊரில் கேலி செய்தார்கள். கேலி செய்த கூட்டம் வாடகைக்கு அரண்மனைத் திரை எடுத்துப் பழைய ராஜா கதையையே திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் போட்டது புதுக் கதை.

அதை எழுதியவர் ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் குடியிருந்த பள்ளிக்கூட வாத்தியார். சின்ன வயதிலேயே தாலி அறுத்த ஒரு பெண் படித்து உபாத்தியாயினி ஆகிறாள். மூன்றாவது அங்கத்தில் அவளை வீட்டோடு அடைத்துவைக்கப் பெரியவர்கள் வருகிறார்கள்; வர முடியாது என்று அவள் நின்ற இடத்திலேயே நிற்கிறாள். முப்பதுகளில் அப்படி ஒரு கதையை மேடையேற்றத் துணிச்சல் வேண்டும். எங்களிடம் அது நிறைய இருந்தது. இல்லாதது கதாநாயகிதான்.

அந்த நாளில் பெண் வேஷத்தையும் ஆண்கள்தான் கட்டுவோம். எங்கள் கதாநாயகி தபால் ஆபீஸ் குமாஸ்தா. வழவழவென்று முகம், குழைவான குரல். எல்லாம் சேர்ந்து வரும் நேரத்தில் அவருக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. நான் அதுவரை பக்கத் திரைக்குப் பின்னால் நின்று, மறந்துபோகிறவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பவன். நாடகம் முழுவதும் எனக்கு மனப்பாடம். உடம்பும் ஒல்லி. அன்று மாலை ஒத்திகையில் எல்லாரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் முகத்தை அல்ல, மீசையை.

எங்கள் ஜனங்களில் ஒருவன் மீசையை எடுத்திருந்தால் அவனுடைய அப்பா போய்விட்டார் என்று பொருள். கருமாதியன்று தலையோடு சேர்த்து எடுப்பது அது. அப்பா இருக்கும்போது எடுப்பது அவர் ஆயுளில் கைவைக்கிற மாதிரி. வாத்தியார் வம்சத்திலோ மீசை வைத்தவரே கிடையாது.

"ரோமந்தானே ஓய், திரும்ப வளர்ந்துடப் போறது. இதுக்குப் போய் யோசிக்கறீரே!" என்றார் வாத்தியார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நூல்தானே சுவாமி, கழட்டி வெச்சுட்டு வாங்கன்னு நான் சொன்னா?" என்று கேட்டேன்.

அவர் கை தோளில் கிடந்த பூணூலுக்குப் போனது. பிறகு, "தப்புத்தான். நீர் எடுக்க வேண்டாம்" என்றார். போர்டு எழுதுகிறவர் ஏதோ பசையும் பவுடரும் குழைத்து என் மீசைமேல் பூசிப் பார்த்தார். முதல் வசனத்திலேயே பழைய சுவர்க் காரை மாதிரி அது பெயர்ந்து விழுந்தது. சிரித்துச் சிரித்து ஓய்ந்தபின், நாடகத்தையே நிறுத்திவிடுவோம் என்று வாத்தியார் மெல்லச் சொன்னார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பாலக்கரையில் இருந்த எங்கள் வீட்டுக்குப் போய் அப்பாவிடமே கேட்டுவிட்டேன்.

அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய வெள்ளை மீசையை ஜங்ஷன் முழுக்கத் தெரியும். அம்மா விஷயத்தைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அப்பா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து கேட்டார்.

"கதையில அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் அழுதுகிட்டேதான் இருக்குதா?"

"இல்லப்பா. மூணாவது அங்கத்துல எதுத்துப் பேசுது."

"பேசி?"

"ஜெயிக்குது."

"அப்ப சரி, எடுத்துடு. உன் மீசையிலயாடா என் உசுரு இருக்கு?"

நாவிதர் கத்தியை எடுக்குமுன் என் தோளில் கைவைத்து, "எப்பங்க தவறினாங்க?" என்று கேட்டார். சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் ஊர் முழுக்க நின்று சொல்ல முடியுமா? மறுநாள் காலை அப்பாவோடு வேலை பார்த்த இரண்டு பெரியவர்கள் கையில் ரோஜா மாலையோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கதவைத் திறந்தது அப்பா. வந்தவர்கள் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள்.

"வாங்க, வாங்க. மாலையைக் குடுங்க, நானே போட்டுக்கறேன்" என்றார் அப்பா. சொன்னபடியே போட்டுக்கொண்டார். காப்பி முடிகிறவரை கழற்றவில்லை.

அன்றிலிருந்து நான் வெளியே கிளம்பினால் அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தெப்பக்குளம், பெரிய கடைவீதி, ஒத்திகை நடந்த பள்ளிக்கூடம் எங்கும் எனக்கு அரை அடி முன்னால், மீசையை நீவிவிட்டுக்கொண்டு நடப்பார். வெற்றிலைக் கடைக்காரரிடம், "பாத்துக்குங்க, நான் இருக்கேன்!" என்பார். கடைக்காரரும், "இருங்க, இருங்க" என்று சிரிப்பார். மானம் போகிறது என்று எனக்கு எரிச்சலாக வரும். அம்மா தன் பங்குக்கு நெற்றிக் குங்குமத்தை இரண்டு மடங்கு பெரிதாக இட்டுக்கொண்டாள்.

ஸ்ரீரங்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு நாடகம் அரங்கேறியது. பள்ளிக்கூடத்து பெஞ்சுகளைச் சபாக்காரர்களே தலைமேல் தூக்கிக்கொண்டு வந்து போட்டோம். வாத்தியார் வீட்டு மாமி தன் புடவையை இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தாள். மூன்றாவது அங்கத்தில் நான், "நான் வரமாட்டேன்" என்று சொல்லி நின்றேன். பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதலில் கைதட்டல் கிளம்பியது. ஆண்கள் அதற்கப்புறம்தான் தட்டினார்கள். பக்கத் திரைக்குப் பின்னால் வாத்தியார் அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கைதட்டலுக்கு ஈடாக என் வாழ்நாளில் வேறொன்றும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஒப்பனையைக் கலைத்துவிட்டு வெளியே வந்தேன். முன்வரிசையில் யாரோ, "நல்லாப் பண்ணான். பாவம், அப்பா இல்லாத புள்ளை போலிருக்கு" என்று சொன்னது காதில் விழுந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த ஒரு வெள்ளை மீசை எழுந்து நின்றது.

"நான்தாங்க அப்பா" என்றார். கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும். எரிச்சல் எங்கே போனதோ தெரியவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கரூர், புதுக்கோட்டை என்று அந்த நாடகம் போன ஊர்களுக்கெல்லாம் அவரும் வந்தார். அது நின்ற பிறகு மீசை வளர்ந்தது. அப்பாவும் என்னைத் தனியாக நடக்க விட்டார்.

சில வருஷங்கள் கழித்து ஒரு சித்திரையில் அப்பா காலமானார். கருமாதி முடிந்து, மழித்த தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஏதோ சாமான் வாங்கத் தெப்பக்குளம் பக்கம் போனேன். வெற்றிலைக் கடைக்காரர் சொந்த ஊருக்குப் போய்விட்டு அன்றுதான் திரும்பிக் கடை திறந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் சிரிப்பு.

"என்ன தம்பி, மறுபடியும் நாடகமா?" என்றவர், என் முன்னாலும் பின்னாலும் தேடிப் பார்த்தார். "எங்க, அப்பாவைக் காணும்? கூட வரலையா?"

நான் தலைத்துண்டை அவிழ்த்தேன்.