‘ஓ எத்தனை?’ என்று கேட்ட கஸ்தூரி டீச்சர்

சென்ற புதன்கிழமை காலை, அத்திப்பட்டில் ஏறி வழக்கம்போல் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். பொன்னேரி தாண்டியதும் தலைமையாசிரியர் அழைத்தார்.

"ஐயா, நம்ம கஸ்தூரி டீச்சர் போயிட்டாங்க."

"எங்க சார்?" என்று கேட்டுவிட்டேன். அப்போதுதான் விளங்கியது. அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கஸ்தூரி டீச்சர் எங்கள் பள்ளியின் வேதியியல் ஆசிரியர். நான் தமிழாசிரியர். இருவரும் ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்தோம். ஆசிரியர் அறையில் எங்கள் நாற்காலிகள் பக்கத்துப் பக்கத்தில். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி முரளி, தம்பி மனைவி அமுதா, அவர்களுடைய மகள் யாழினி, இவர்கள்தான் அவருடைய குடும்பம். முரளி தொழிற்பேட்டையில் ஒரு சிறிய ஆலையில் கழிவுநீர்ப் பிரிவில் வேலை பார்த்தார்.

ஆரம்ப காலத்தில் டீச்சரின் வகுப்பு சிரிப்பும் சத்தமுமாக இருக்கும். அடுத்த அறையில் நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது சுவரைத் தாண்டி அவர் குரல் வரும். "சோடியத்து கையில ஒண்ணுதான் இருக்கு. சல்பர் ரெண்டு கேக்குது. அப்ப எத்தினி சோடியம் வரணும்?" என்பார். "ரெண்டு!" என்று வகுப்பே கத்தும். "வந்துட்டாங்களா? இப்ப பேரு வைக்கலாம். உலோகத்துக்குப் பேரு மாறாது. பின்னாடி வர்றவருக்குத்தான் வாலு மாறும். குளோரின் குளோரைடு ஆவாரு, சல்பர் சல்பைடு ஆவாரு." அயனிகள் சேர்வதையும் அவற்றுக்குப் பெயரிடுவதையும் கல்யாண வீட்டு வம்புபோல அவர் நடத்துவதைக் கேட்டு என் மாணவர்களும் சிரிப்பார்கள்.

அந்த மதியத்தை நான் மறக்க முடியாது. உணவு இடைவேளை. வெளியே பிள்ளைகள் கூச்சல். டீச்சரின் போன் அடித்தது. காதில் வைத்து, "சொல்றா முரளி" என்றார். மற்றொரு காதைக் கையால் பொத்திக்கொண்டார். "இன்னா? சல்பேட்டா? அதுல ஆசிட் பட்டா ஒண்ணும் ஆவாதுடா. இதுகூட மறந்துட்டியா?" சிரித்தபடியே போனை வைத்துவிட்டு மீதித் தயிர்சாதத்தைச் சாப்பிட்டார்.

மாலை மணி அடிப்பதற்குள் ஆலையிலிருந்து ஆள் வந்துவிட்டார். தொட்டியைக் கழுவுவதற்காக அமிலம் ஊற்றியிருக்கிறார்கள். அடியில் படிந்திருந்தது சோடியம் சல்பேட்டு அல்ல, சோடியம் சல்பைடு. அதில் அமிலம் பட்டால் அழுகிய முட்டை நாற்றத்தோடு நச்சு வாயு கிளம்பும். அதிகமானால் அந்த நாற்றம்கூடத் தெரியாது. தொட்டியில் இறங்கிய முரளி ஏறி வரவில்லை.

முரளி எந்தப் பெயரைச் சொன்னார் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அவரே சல்பேட்டு என்று நினைத்துச் சொன்னாரா, சல்பைடு என்று சரியாகச் சொல்லியும் இரைச்சலில் டீச்சர் காதில் அப்படி விழுந்ததா? காரியம் முடிந்து பள்ளிக்கு வந்த அன்று அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"நீங்க பக்கத்துலதான இருந்தீங்க. அவன் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா ஐயா?"

"உங்க குரல் மட்டும்தான் டீச்சர் கேட்டுச்சு."

அதன்பிறகு எத்தனையோ தடவை அதையே கேட்டார். மதிப்பெண் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கும்போது பேனாவை நிறுத்துவார். ரயில் நிலையத்துக்குச் சேர்ந்து நடக்கும்போது நிற்பார். பதில் மாறாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்பார். ஒருநாள் ஒரு தாளில் ‘சல்பைடு’, ‘சல்பைட்டு’ என்று எழுதி என்முன் வைத்தார். இரண்டும் வேறுவேறு பொருள்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "நீங்க தமிழய்யா. சொல்லுங்க. ஒரு ஒத்தெழுத்துதான வித்தியாசம்? பேட்டு, பைட்டு, பைடு. போன்ல எது இன்னான்னு எப்படித் தெரியும்?" என்றார்.

அவர் பாடம் நடத்தும் விதமே மாறிப்போனது. கல்யாண வீட்டுப் பேச்சு நின்றுவிட்டது. பெயரை மட்டும் சொன்னால் எந்த விடையையும் ஏற்கமாட்டார். "பேரு யாரு வேணா சொல்லலாம். ஓ எத்தினி?" என்பார். ஓ என்றால் ஆக்சிஜன். "சல்பைடுல ஓ இல்ல, சல்பைட்டுல ஓ மூணு, சல்பேட்டுல ஓ நாலு" என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்கும். பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது. அவருக்கு ‘ஓ எத்தனை டீச்சர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆண்டுகள் போயின. போன வருடம் ஒரு பகல் வேளையில் அவருடைய பழைய மாணவி கோமதி அழைத்தார். தேர்வாய் கண்டிகையில் ஓர் ஆலையில் மேற்பார்வையாளராக இருப்பவர். டீச்சர் போனை மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டார். முரளி போனபிறகு எந்த அழைப்பையும் அவர் அப்படித்தான் பேசுவார். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கவேண்டும்.

"டீச்சர், தொட்டி கழுவ ஆளுங்க ஆசிட் எடுத்துக்கினு வந்துட்டாங்க. முன்ன தொட்டியில கொட்டுன மூட்டைல சோடியம் சல்னு இருக்குது, மீதி கிழிஞ்சிபோச்சு. சல்பேட்டுதான், ஒண்ணும் ஆவாதுன்றாங்க."

டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். "பேரு வேணாம். கீழ ஃபார்முலா இருக்கா பாரு. எழுத்தெழுத்தா சொல்லு."

"என், ஏ, சின்னதா ரெண்டு, எஸ்."

"அப்புறம்? ஓ இருக்கா?"

"இல்ல டீச்சர். ஓவே இல்ல."

"ஆசிட்ட நிறுத்தச் சொல்லு! எல்லாரையும் வெளிய கூட்டிக்கினு போ. போய்ட்டுப் பேசு."

மறுமுனையில் கோமதி கத்துவதும் ஆட்கள் ஓடுவதும் கேட்டது. பிறகு மூச்சு வாங்கியபடி அவர் குரல் வந்தது. "எல்லாரும் வெளிய வந்துட்டோம் டீச்சர்."

மறுநாள் கோமதி இனிப்புப் பெட்டியோடு வந்தார். தலைமையாசிரியர் காலை வணக்கக் கூட்டத்தில் பாராட்டிப் பேசினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். டீச்சர் தலை குனிந்தே நின்றார். அறைக்கு வந்ததும் நான் இனிப்பை நீட்டினேன்; வாங்கவில்லை.

"இத்தினி நாளா, நாம எதுவும் பண்ணியிருக்க முடியாது, அவன் நேரம் அப்படின்னு மனச தேத்திக்கினு இருந்தேன் ஐயா. இப்பத் தெரிஞ்சிபோச்சு. ஒரே ஒரு கேள்வி. அன்னிக்கு அவன்கிட்டயும் கேட்டிருந்தா போதும்."

"நேத்து அத்தனை பேர் உசுரோட ஊட்டுக்குப் போனாங்களே டீச்சர்" என்றேன்.

"அவங்க ஊட்டுக்குப் போனாங்க" என்றார். ஊரே அவரைப் புகழ்ந்த நாளிலிருந்துதான் அவர் மெலியத் தொடங்கினார் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

புதனன்று அவர் வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். அமுதா கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"ஒண்ணு கேக்கணும் சார். அண்ணி மத்தியானத்துல படுத்தா தூக்கத்துல பேசுவாங்க. ‘ஓ எத்தினி, ஓ எத்தினி’ன்னு கேட்டுக்கினே இருப்பாங்க. பார்க்கப் பாவமா இருக்கும். போன ஞாயித்துக்கிழமை கையப் புடிச்சிக்கினு, ‘ஒண்ணுமில்ல அண்ணி, ஒண்ணுமே இல்ல’ன்னேன். சமாதானமா இருக்கட்டும்னுதான் சார் சொன்னேன். சட்டுனு கண்ணத் தொறந்து என்னையே பார்த்தாங்க. அப்புறம் ‘அப்பிடியா முரளி’ன்னாங்க. அதுக்கப்புறம் எங்ககிட்ட அவ்வளவா பேசவே இல்ல. நான் எதனா தப்பா சொல்லிட்டனா சார்?"

ஆக்சிஜன் ஒன்றுமே இல்லையென்றால் அது சல்பைடு. தான் இத்தனை ஆண்டுகள் எல்லோரிடமும் கேட்ட கேள்விக்கு, அரைத் தூக்கத்தில், தம்பியே சொன்னதுபோல, தம்பி மனைவியின் வாயிலிருந்து டீச்சருக்கு விடை கிடைத்துவிட்டது. முரளி சரியாகத்தான் சொன்னான், நான்தான் தவறாகக் கேட்டேன் என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அமுதாவின் முகத்தைப் பார்த்தேன்.

"தப்பு ஒண்ணும் சொல்லலம்மா. தம்பி ஞாபகம், அவ்வளவுதான்" என்றேன்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். கொள்ளி வைக்க யாழினியே முன்வந்தாள். பெரியவர்கள் முணுமுணுத்தார்கள், அமுதா விடவில்லை. முந்தின நாள் மழையில் விறகு நனைந்திருந்ததால் தீ பிடிக்க நேரமாயிற்று. சுடுகாட்டுச் சுவருக்கு வெளியே, சாலை ஓரமாக, பதினொன்றாம் வகுப்புப் பெண்கள் சீருடையோடு வரிசையாக நின்றிருந்தார்கள். யாரும் அவர்களை நிற்கச் சொல்லவில்லை. லாரிகள் ஒதுங்கிப் போயின. புகை சுவருக்குமேல் எழும்பியதைப் பார்த்தபிறகுதான் ஒவ்வொருத்தியாகச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்கள்.

சென்று வாருங்கள் டீச்சர். அங்கே தம்பியைப் பார்த்தால் எதையும் விசாரிக்காதீர்கள். சாப்பிட்டானா என்று மட்டும் கேளுங்கள்.