காயத்ரியின் காந்தாரத்துக்கு எந்தக் கார்ட்

மேஜரும் இல்லை, மைனரும் இல்லை என்றால் பிறகு எதைத்தான் வாசிப்பது? கட்கியில் ஒரு கல்யாண மண்டபம். வரவேற்புக்கு முன் ஒத்திகை. கீபோர்டின் முன் உட்கார்ந்து விழித்துக்கொண்டிருந்தேன்.

மணப்பெண் காயத்ரிக்குக் கராடியில் சாஃப்ட்வேர் வேலை. மாப்பிள்ளைக்காகத் தானே எழுதி மெட்டுப்போட்ட பாட்டை மேடையில் பாட வேண்டும் என்பது அவள் ஆசை. கர்நாடக சங்கீதம் கற்றவள். தம்புராவைத் தவிர வேறு துணையோடு பாடியதில்லை.

மூன்று சுரங்களைச் சேர்த்து ஒலிக்கிற கார்ட் கட்டுவது எனக்குக் கைப்பழக்கம். ஸட்ஜமத்தில் ஒரு விரல். அங்கிருந்து கறுப்பு, வெள்ளை இரண்டையும் சேர்த்து எண்ணி நாலாவது கட்டையான காந்தாரத்தில் ஒரு விரல், ஏழாவதான பஞ்சமத்தில் ஒரு விரல். அது மேஜர். நடுவிரல் மட்டும் ஒரு கட்டை இறங்கினால் மைனர். அவ்வளவுதான், வீட்டில் விளக்கை அணைத்த மாதிரி இருக்கும்.

மேஜர் வாசித்தேன். பாட்டை நிறுத்திவிட்டாள்.

"அண்ணா, என் காந்தாரத்தை ஏன் மேல இழுக்கறீங்க?"

மைனருக்கு இறங்கினேன்.

"ஐயோ, இப்ப அழுமூஞ்சியா இருக்கு!"

எங்கள் ட்ரூப் தலைவர் செல்வம் ரிதம் பேடிலிருந்து கத்தினார். "அரே, ஏதாவது ஒண்ணைப் பக்கா பண்ணுய்யா! ஜனம் வர ஆரம்பிச்சாச்சு."

எதைப் பக்கா பண்ண? அவள் காந்தாரம் நின்றால்தானே! என் இரண்டு கட்டைகளுக்கும் நடுவே, கட்டையே இல்லாத இடத்தில் அது ஊஞ்சலாடியது. மேஜர், மைனர், மறுபடி மேஜர். இன்னொரு சுரத்தையும் சேர்த்துப் பார்த்தேன். இன்னும் மோசம். காயத்ரி மைக்கை ஸ்டாண்டில் மாட்டினாள்.

"விடுங்கண்ணா, நான் பாடலை. நீங்க வாசிச்சா என் பாட்டு எனக்கே மறந்துபோகுது."

"ஒரு நிமிஷம்மா" என்றேன், என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாமலே. நடுவிரலை எடுத்துவிட்டேன். ஸட்ஜமமும் பஞ்சமமும் மட்டும் ஒலித்தன, ஆளில்லாத கூடம் மாதிரி.

"இன்னொரு நோட்டு எங்கய்யா?" என்றார் செல்வம்.

அதற்குள் காயத்ரி மைக்கை எடுத்துப் பாடத் தொடங்கியிருந்தாள். கூடத்துக்குள் அந்தக் காந்தாரம் தானே வந்து உட்கார்ந்தது, எழுந்தது, உலாவியது.

வரவேற்பிலும் அப்படியே வாசித்தேன். அது என்ன கார்ட் என்று கேட்டால் இன்றைக்கும் குழம்புவேன். புதிதாக வாசிக்க வருகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லலாம். மூன்று சுரம் சேர்ந்தால்தான் கார்ட், சரி. மூன்றும் உங்கள் கையிலேயே இருக்க வேண்டுமா என்று பாடுபவரைக் கேட்டுவிட்டு விரலை வையுங்கள்.